நடுவே நுழையும் ஒற்று

மும்மொழி பயிலும் நம் மாணவச் செல்வங்களுக்கு மூன்று இலக்கணங்கள் உள. அவை மூன்றும் ஒன்றோடொன்று ஒத்துப்போவதில்லை என்பதே வேடிக்கை!

'ஓட' என்பதை ஆங்கிலத்தில் 'டு ரன்' என்பர். இவ்விரு சொற்களுக்கும் நடுவே 'குயிக்லி' போன்ற வேறொரு சொல் நுழையலாகாது என்று பழைய ஆசிரியர் பலர் கண்டித்தனர். 1864-இல் வெளிவந்த நூலில் ஹென்றி ஆல்ஃபர்டு என்பார் இவ்வழக்கைக் கடிந்துரைத்தார். 1926-இல் ஃபௌலர் என்பாரோ, இவ்விதியை வைத்தே ஆங்கிலம் பேசுவோரை ஐவகையாகப் பிரித்தார். விதியை அறியாமலும் அதுபற்றிக் கவலையுறாமலும் வாழ்வோரே பொறாமைகொள்ளத் தக்க இன்பமுடையோர் என்று நகையாடினார்.

தமிழின் சட்டமோ இதற்கு நேர்மாறு. 'வெட்ட', 'போனார்' என்னும் இரண்டுக்கும் நடுவே ஒருவர் வந்தே தீரவேண்டும். அவர்தாம் 'ப்' என்னும் ஒற்றெழுத்தார். 'வெட்டப் போனார்', 'படிக்கச் சொன்னார்', 'பாடத் தொடங்கினார்' என்றே எழுதுகிறோம். 'வெட்ட வந்தார்' எனில் மட்டும் அவர் தலைகாட்டுவதில்லை! மலாய் மொழியோ 'பெர்கி மாக்கான்' என இரு சொற்களையும் அருகருகே அமர்த்திவிட்டு, வம்பின்றி ஒதுங்கிக் கொள்கிறது.

ஒற்று விடுபட்டால் குடிமுழுகிப் போகுமா என்பீர். 'கீரைக்கடை' என்பது கீரை விற்குமிடம். 'கீரை கடை' என்பதோ மத்தெடுத்துக் கீரையைக் கடையுமாறு இடும் கட்டளை. பலகையில் ஓரெழுத்துக் குறைந்தால், வாங்க வந்தவரையே கடைக்காரர் வேலை வாங்குவதாகிவிடும்!

13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் நன்னூலில் 'உயிரீற்றுப் புணரியல்' என்று ஓர் இயலே வகுத்தார். ஆயினும் இவ்விதி ஏட்டில் மட்டும் வாழ்வதன்று. நம் நாவிலும் வாழ்வது. கூலிம், பாலிங் வட்டாரத் தோட்டங்களில் எழுத்தறியாத பாட்டிமாரும் 'பால் வெட்டப் போறேன்' என்றே கூறினர். 'வெட்ட போறேன்' என்றாரில்லை. மலாயில் 'பெத்தானி' என்றால் உழவர். நம்மவர் நாவோ அதனைப் 'பட்டாணி' ஆக்கி, நடுவே ஓர் ஒற்றும் ஈந்து, 'சுங்கைப்பட்டாணி' என்று அழைத்து மகிழ்கிறது!

ஆகவே பெற்றோர்களே, "நாங்கள் படிக்காதவர்கள்; பிள்ளைக்கு எதைச் சொல்லித் தருவது?" என்று ஒதுங்கிவிடாதீர்கள். மாலையில் பிள்ளையின் கட்டுரையை வாய்விட்டுப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். எங்கே நா அழுந்துகிறதோ, பெரும்பாலும் அங்கே ஒற்று மிகும். செவி தீர்க்காத ஐயங்களை ஆசிரியர் தீர்ப்பார். ஒற்றுப் பிழைக்குச் சிவப்பு மையால் வட்டமிடுவதோடு அமையாது, அச்சொல்லை உரக்கச் சொல்லச் செய்தல் ஆசிரியர் கடமை என்பதும் நம் கருத்து.

வீட்டில் தமிழ் ஒலிக்கும்வரை இவ்விதி பிள்ளைக்குச் சுமையாகாது. அது ஒலிக்காத வீட்டிலோ, ஒற்று வெறும் மனப்பாடமாகித் தேர்வு முடிந்த மறுநாளே மறந்துபோகும். எனவே மாணவச் செல்வங்களே, ஒற்றைக் கண்டு அஞ்சற்க. பாட்டியிடம் பேசச் செல்க. 'பேசச்' என்பதில் உள்ள 'ச்'சை மட்டும் வழியில் தவறவிட்டுவிடாதீர்கள்!