தட்டை கேட்டு வருவார்கள்

2014-ல் நியூயார்க்கில் மக்காச்சோளத் தட்டையில் காளான் வளர்த்து, சுமார் 10,000 கல் செய்து கோபுரமே கட்டினார்கள். அந்தக் கோடை முடிந்ததும் பிரித்து மட்கவைத்தார்கள்.

இதில் மந்திரம் இல்லை. நம்ம சிப்பிக்காளான் பையில் வைக்கோலை இறுக்கிப் பிடிக்கிற வெள்ளை நூல்தான். அச்சில் வளர்த்து, சூடுகாட்டி உலர்த்தினால் கட்டியாகிவிடும். செங்கல் அளவுக்குப் பாரம் தாங்காது, ஈரமும் ஆகாது. ஆனால் தெர்மாகோலுக்கு நல்ல மாற்று.

குந்தாரப்பள்ளியிலிருந்து ஓசூர் வரை ஆலைகள்தான். நாளைக்கு நம்மிடம் தட்டை கேட்டு வருவார்கள். வங்கியில் கணக்குப் பார்த்தவன் சொல்கிறேன்: ராகித்தாள் மாட்டுக்கு, மூடாக்கு மண்ணுக்கு. அதற்குப் போக மிஞ்சுவதை மட்டும் கொடுப்போம். அதையும் தட்டையாக விற்றால் கூலிகூடத் தேறாது. உழவர் உற்பத்தியாளர் நிறுவனமாகச் சேர்ந்து, கட்டியாகவே விற்போம்.