தாதாவைச் சமையற்கட்டில் உட்கார வையுங்கள்

தாதா படத்தைக் கேலி செய்து யாராவது படம் எடுத்தால், "நல்ல படத்தை இப்படியா அசிங்கப்படுத்துவது?" என்று நம் வயதுக்காரர்கள் சிலர் கோபப்படுகிறார்கள். நம்மை ஏமாற்றியது கேலிப்படம் இல்லை ஐயா, அந்த 'நல்ல படம்'தான்.

சோறு போட்டே ஏமாற்றியது. 1972-இல் வந்த 'காட்ஃபாதர்' படத்தில் ஒரு தடியன், இருபது பேருக்குக் குழம்பு வைப்பது எப்படி என்று சொல்லிக்கொடுப்பான். அதே ஆள், கூட்டாளியைக் காரிலேயே தீர்த்துக்கட்டிய பிறகு, துப்பாக்கியைப் போட்டுவிட்டு இனிப்புப் பெட்டியை எடுத்துக்கொள்ளச் சொல்வான். 'வீட்டுக்கு நல்ல மனுஷன்' என்று நமக்கும் தோன்றிவிடும். செத்தவன் வீட்டு அடுப்பு எரிந்ததா என்று யாரும் கேட்பதில்லை.

பிரெஞ்சுக்காரர்களும் இதைச் செய்தவர்கள்தான். 1954-இல் வந்த 'தூஷே பா ஓ க்ரிஸ்பி' படத்தில் ழான் கபேன் நண்பனுக்கு ரொட்டியும் இறைச்சி விழுதும் எடுத்துவைப்பார். திருடர்களின் நட்பைப் பார்த்து நாம் உருகுவோம். அந்தக் கதையை எழுதிய அல்பேர் சிமோனேனின் இன்னொரு நாவலை வைத்து 1963-இல் ழோர்ழ் லோத்னேர் ஒரு கேலிப்படம் எடுத்தார். பெயர் 'லே தோந்தோன் ஃப்ளேங்கேர்'. துப்பாக்கி மாமாக்கள் என்று சொல்லலாம். வீட்டுப் பெண்ணின் விருந்துக்காக ரவுடிகள் சமையற்கட்டில் உட்கார்ந்து ரொட்டிக்கு வெண்ணெய் தடவுவார்கள். காட்டமான சாராயத்தைக் குடித்து, கண்ணீர் வழியப் பழங்கதை பேசுவார்கள். புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன் என்பதால் அந்தப் பேச்சின் ருசி எனக்குத் தெரியும். பிரான்சில் இன்றும் அந்த வசனங்களை மனப்பாடமாகச் சொல்கிறார்கள். அதைக் கேட்டுச் சிரித்தவன் ரவுடியைக் கும்பிடமாட்டான்.

நம் கார்த்திக் சுப்பராஜ் 2014-இல் மதுரைப் பானத்தின் பெயரில் 'ஜிகர்தண்டா' எடுத்தார். தன்னை வைத்து வீரகாவியம் எடுப்பார்கள் என்று காத்திருந்த சேதுவுக்குக் கிடைத்தது 'அ. குமார்' என்ற சிரிப்புப் படம். போலீசுக்கு அடங்காதவனைத் தியேட்டர் சிரிப்பு அடக்கியது.

வெறும் சினிமாப் பேச்சு என்று தள்ளாதீர்கள். 2018 பிப்ரவரியில் சென்னைக்கு அருகே ஒரு ரவுடி பிறந்தநாள் கேக்கை அரிவாளால் வெட்டினான். போலீஸ் சுற்றிவளைத்து எழுபதுக்கும் மேற்பட்டவர்களைப் பிடித்தது. அதற்குப் பிறகும் பையன்கள் பட்டாக்கத்தியால் கேக் வெட்டிச் செல்போனில் படம் போடுகிறார்கள். பெற்றவர்கள் ஸ்டேஷன் வாசலில் நிற்கிறார்கள்.

இந்தப் பிள்ளைகளுக்கு அறிவுரை ஏறாது. "கேக் வெட்ட அரிவாளா? பணியாரம் திருப்பக் கடப்பாரை வேண்டுமா தம்பி?" என்று கேட்டுப் பாருங்கள். பயந்தால் வளர்வான், சிரித்தால் சுருங்குவான். நம் வீட்டு ஆச்சிமார்களுக்கு இது எப்போதோ தெரியும்.