காடு பார்க்கக் கீழே இறங்குவானேன்?

பதிவு கொஞ்சம் நீளம். அவசர வேலை இருப்பவர்கள் ராத்திரி சாப்பாடு முடிந்ததும் படியுங்கள்.

போன வாரம் பழைய மாணவர் ஒருவர் போன் செய்தார். "சார், பாப்பாவுக்கு நாலாவது பொறந்தநாள் வருது. நாமக்கல்ல மண்டபம் பாத்திருக்கோம். ஜங்கிள் தீம். நீங்க கட்டாயம் வரணும்." வருகிறேன் தம்பி என்றேன். ஜங்கிள் தீம் என்றால் என்ன என்று கேட்டேன். வாசலில் பிளாஸ்டிக் இலை வளைவாம், மேடையில் சிங்கமும் ஒட்டகச்சிவிங்கியும் அட்டையில் நிற்குமாம், கேக்கின் மேல் ஒரு குரங்காம். அவர் வீட்டுக் கொல்லையில் பத்து அடி நடந்தால் மிளகுக்கொடி ஏறிய சில்வர் ஓக் மரம். அதையும் தாண்டினால் சோலை. நிஜக் குரங்குகள் ஓட்டைப் பிரித்துப் போடுகின்றன என்று போன வருஷம் என்னிடம் புலம்பியவரும் இவர்தான். அந்த வீட்டுக் குழந்தை காடு பார்க்க 70 கொண்டை ஊசி வளைவு இறங்கிப் போகப்போகிறது.

அவரிடம் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். அவருக்கும் சம்மதம். "எழுதுங்க சார், நாலு பேருக்கு உதவும்" என்றார்.

தீம் வைப்பதே தப்பு என்று பழைய காலத்து வாத்தியார் மாதிரி நான் பேசப்போவதில்லை. சின்னக் குழந்தைக்கு ஒரு நாளை ஒரே பொருளைச் சுற்றி அமைப்பது நல்ல யோசனை. அங்கன்வாடியில் மாதம் ஒரு தலைப்பு வைத்து அதைத்தானே செய்கிறார்கள்? ஆனால் அந்தத் தீமைக் குழந்தை பார்க்கிறதா, செய்கிறதா? மண்டபத்து ஜங்கிளில் குழந்தைக்குச் செய்ய ஒன்றுமில்லை. உறுத்துகிற சட்டையைப் போட்டுக்கொண்டு மேடையில் நிற்க வேண்டும், அவ்வளவுதான்.

அப்படி ஒரு விழாவுக்குச் சமீபத்தில் போயிருந்தேன். எங்கே, யார் வீட்டில் என்பது வேண்டாம். மலையிலிருந்து வேனில் வந்த குழந்தைகளில் பாதிப் பேர் வளைவுகளில் வாந்தி எடுத்து வாடிப்போய்த்தான் வந்து சேர்ந்தார்கள். ஸ்பீக்கர் சத்தத்தில் பெரியவர்களுக்கே பேச்சு கேட்கவில்லை. ஏழு மணிக்கு என்று சொன்ன கேக் எட்டரைக்கு வந்தது. அதற்குள் பிறந்தநாள் கதாநாயகன், மூன்று வயது, அவன் அத்தை தோளில் தூங்கிவிட்டான். போட்டோகிராபர் காத்திருக்கிறார் என்று எழுப்பினார்கள். அவன் அழுதான், வீடியோவில் அது வராதபடி பாட்டுச் சத்தத்தைக் கூட்டினார்கள். அந்த வீட்டார் அதற்காகக் குழுவில் கடன் வாங்கியிருந்தார்கள் என்பது பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

"நமக்குத்தான் எதுவும் கிடைக்கலை, பிள்ளையாவது அனுபவிக்கட்டும் சார்" என்று சொல்வீர்கள். இந்தப் பேச்சை நான் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன். உங்களில் பலருக்குப் பிறந்த தேதியே தெரியாது. பள்ளியில் சேர்க்க வரும்போது, வலது கையைத் தலைக்கு மேலே கொண்டுபோய் இடது காதைத் தொடச் சொல்வோம். தொட்டால் ஐந்து வயசு. "எப்ப பொறந்தான்?" என்றால், "சாமை அறுப்பு நடந்தப்போ" என்று உங்கள் அம்மா சொல்வார்கள். பதிவேட்டில் ஜூன் மாதச் சேர்க்கைக்குத் தோதாக மே மாதத்தில் ஒரு தேதி ஏறும். ஆகவே நம் பள்ளியில் பலருக்கும் மே மாதத்தில்தான் பிறந்தநாள். மே மாதம் பள்ளிக்கு விடுமுறை! கலர் டிரஸ் போட்டு மிட்டாய் கொடுக்கும் யோகம் யாருக்கும் வாய்க்கவில்லை.

அதற்கு மாற்றாக வெள்ளிக்கிழமை மத்தியானம் ஒன்று செய்தோம், நினைவிருக்கிறதா? அந்த வாரம் பெயர் வருகிற பிள்ளைக்கு அன்றைக்குப் பிறந்தநாள். வகுப்பு முழுக்க என்ன செய்வது என்று அந்தப் பிள்ளைதான் சொல்லும். ஒருத்தி களிமண் என்றாள். ஒருவன் ஓடைக்குப் போய்க் கூழாங்கல் பொறுக்கலாம் என்றான். இன்னொருவன் எல்லோரும் அரைமணி நேரம் சும்மா படுத்திருக்க வேண்டும் என்று சொன்னான், படுத்தோம். போன ஆண்டு அரப்பளீசுவரர் கோயிலில் என்னைப் பார்த்த ஒரு பெண், இரண்டு பிள்ளைகளுக்குத் தாய், "என்னோட வெள்ளிக்கிழமைக்குப் பலா இலை கிரீடம் செஞ்சோம் சார்" என்றாள். நான் நடத்திய பாடம் ஒன்றுகூட அவளுக்கு ஞாபகம் இல்லை.

ஆகவே எதுவுமே கிடைக்கவில்லை என்று சொல்லாதீர்கள். கிடைத்தது என்ன என்று யோசித்து, அதைப் பிள்ளைக்குக் கொடுங்கள்.

இது என் சொந்தச் சரக்கு அல்ல. செயல்வழிக் கற்றல் 2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் சிலவற்றில் தொடங்கி, 2007-08 கல்வியாண்டில் தமிழ்நாடு முழுக்க ஒன்று முதல் நான்காம் வகுப்பு வரை வந்தது. பெஞ்சுகள் போய்ப் பாய் வந்தது. கரும்பலகை பிள்ளையின் உயரத்துக்கு இறங்கியது. அந்த முறையில் குறைகள் இருந்தன, அது வேறு பதிவு. ஆனால் கைக்கு வேலை கொடுத்தால் பிள்ளை தானாகவே உட்காரும் என்பதை நாங்கள் கண்ணால் பார்த்தோம். அதற்கும் வெகு முன்பே மரியா மாண்டிசோரி அம்மையார் 1939-ல் அடையாற்றுக்கு வந்தார். உலகப் போர் நடந்ததால் ஊர் திரும்ப முடியாமல், சில ஆண்டுகள் நம்மைப் போலவே ஒரு மலையில், கொடைக்கானலில், குழந்தைகளோடு இருந்தார். தண்ணீர் ஊற்றுவது, பொறுக்குவது, துடைப்பது போன்ற வீட்டு வேலைகள்தான் சின்னக் குழந்தைக்குப் பெரிய விளையாட்டு என்பது அவருடைய கல்வியின் அடிப்படைகளில் ஒன்று.

சரி, எப்படித் திட்டமிடுவது?

முதலில், விழாவை இரண்டாகப் பிரியுங்கள். மாமன் சீர், மொய், பந்தி, சொந்தபந்தம் எல்லாம் உங்கள் விழா. அதை நான் குறை சொல்ல மாட்டேன். காதுகுத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். பிறந்தநாள் குழந்தையின் விழா. இரண்டையும் ஒரே மேடையில் ஏற்றினால் குழந்தைதான் தோற்கும்.

குழந்தையின் வயசோடு ஒன்றைக் கூட்டி, அத்தனை குழந்தைகளை மட்டும் கூப்பிடுங்கள். நான்கு வயசுக்கு ஐந்து பேர். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளும் அங்கன்வாடித் தோழர்களும் போதும். சொல்லும்போதே "பரிசு வேண்டாம்" என்று சொல்லிவிடுங்கள். கையில் பரிசு இல்லாததால் வாசலோடு நின்றுவிடுகிற பிள்ளையை நான் பார்த்திருக்கிறேன். அது உள்ளே வந்தால்தான் விழா. காலை பத்தரைக்கு ஆரம்பித்துப் பன்னிரண்டுக்குச் சாப்பாடு போட்டுவிடுங்கள். ஒரு மணிக்குத் தூக்கம் வரும் வயசு அது. மாலை நேரம் வேண்டவே வேண்டாம், நம் மலையில் மூடுபனி இறங்கினால் பிள்ளைகளுக்குச் சளிதான் மிஞ்சும்.

தீம் ஒன்றே ஒன்று. என் சிபாரிசு, இலை. முந்தின நாள் குழந்தையையும் கூட்டிக்கொண்டு பலா, காப்பி, மிளகு, சில்வர் ஓக் இலைகளைப் பறித்து வையுங்கள். பலா இலைக் காம்பில் பால் வடியும், பறித்துச் சிறிது நேரம் கவிழ்த்து வைத்தால் நின்றுவிடும். கையில் பட்டால் தேங்காய் எண்ணெய். எருக்கு, அரளி பக்கம் கைபோக விடாதீர்கள். சீக்கிரம் வந்துவிடுகிற பிள்ளைகளுக்கு இலைக் குவியலிலிருந்து ஒரே மாதிரியானவற்றைச் சேர்க்கும் வேலை. எல்லோரும் வந்ததும் பழைய வெள்ளை வேட்டியைத் தரையில் விரித்து, மஞ்சளையும் பீட்ரூட் சாற்றையும் இலையின் அடிப்பக்கம் தடவி அழுத்தச் சொல்லுங்கள். அடிப்பக்கத்தில்தான் நரம்பு புடைத்திருக்கும், அச்சு நன்றாக விழும். பிறகு கிரீடம். ஈர்க்கு குத்துவதைப் பெரியவர்கள் செய்யட்டும், இலையை எடுத்துக் கொடுப்பது பிள்ளைகள் வேலை. சாப்பாடு வாழையிலையில். வேட்டியைக் கிழித்து அவரவர் அச்சை அவரவரிடம் கொடுத்து அனுப்பினால் ரிட்டன் கிஃப்ட் ஆயிற்று. தட்டு, டம்ளர் வாங்கும் செலவும் இல்லை. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தெர்மாகோல் தட்டு உட்பட 14 வகைப் பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தடை இருக்கிறது என்பதை இப்போது யார் நினைத்துப் பார்க்கிறார்கள்!

மழைக்காலத்தில் வருகிற பிறந்தநாள் என்றால் வீட்டுக்குள்ளேயே மணம் என்று தீம் வைக்கலாம். மிளகு, ஏலக்காய், வறுத்த காப்பிக்கொட்டை, அன்னாசித் தோல் எல்லாம் நம் வீட்டிலேயே இருக்கின்றன. பிள்ளைகளின் கண்ணைக் கட்டாதீர்கள், மூன்று நான்கு வயசில் அது பயம். டம்ளரின் வாயைத் துணியால் கட்டிவிட்டால் ஆயிற்று. முகர்ந்துவிட்டு அவர்கள் சொல்லும் பெயர்களை எழுதி வையுங்கள். மிளகுக்கு "தாத்தா சட்டை" என்று ஒரு குழந்தை சொன்னதை நான் கேட்டிருக்கிறேன்.

பாட்டி இருக்கிற வீட்டில் தானியம். ஒரு காலத்தில் இந்த மலை முழுக்கச் சாமையும் தினையும் கேழ்வரகும் விளைந்தன. ஜவ்வரிசி ஆலைகளுக்காக மரவள்ளி வந்ததும் அவை சுருங்கிவிட்டன. எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் பல ஆண்டுகள் இங்கே வந்து அவற்றை மீட்கப் பாடுபட்டது. இன்றைக்கு இங்கே பிறந்த பிள்ளைக்குச் சாமை எது, தினை எது என்று தெரியவில்லை. பாட்டி முறத்தில் புடைக்கட்டும், பிள்ளை திருகையைச் சுற்றட்டும், மாவைப் பிசைந்து யானை செய்யட்டும். அங்கே காடும் வந்துவிட்டது பாருங்கள். மூன்று வயசுக்குக் கீழே என்றால் தானியம் வேண்டாம், மூக்கில் போட்டுக்கொள்ளும். மாவு மட்டும் போதும்.

வில் அம்பு ஆறு வயசுக்கு மேல்தான். செம்மேட்டில் குதிரை மேல் இருக்கும் ஓரியைத் தினமும் பார்க்கிற பிள்ளைகள், ஆடி 18 விழாவின் வில்வித்தைப் போட்டியையும் பார்த்திருப்பார்கள், எப்படியும் கேட்பார்கள். மூங்கில் வில், முனையில் துணி சுற்றிய சோளத்தட்டை அம்பு, எதிரே வைக்கோல் பொதி. அம்பு விடுகிறவருக்கு முன்னால் யாரும் நிற்கக்கூடாது. இதில் மட்டும் நான் கண்டிப்பான வாத்தியார்தான்.

எந்த வயசானாலும் மியூசிக்கல் சேர் வைக்காதீர்கள். ஒவ்வொரு சுற்றிலும் ஒரு பிள்ளையை வெளியேற்றி உட்கார வைக்கும் ஆட்டம் அது. முதலில் வெளியேறுவது எப்போதும் சின்னப் பிள்ளை. வைத்தே ஆகவேண்டும் என்றால் நாற்காலியைக் குறைக்காமல் வையுங்கள், பாட்டு நின்றதும் ஓடி உட்காருவதே அவர்களுக்குச் சிரிப்பு.

கேக்கோடு எனக்குச் சண்டை இல்லை, வெட்டுங்கள். மெழுகுவத்தி எரியும்போது நுரை ஸ்பிரே அடிக்காதீர்கள். அந்தக் குப்பிக்குள் இருப்பது பெரும்பாலும் தீப்பற்றும் வாயு. பறக்கும் பலூனில் சிலர் ஹைட்ரஜனை நிரப்புகிறார்கள், தீப்பட்டால் வெடிக்கும். சாதாரண பலூன் வெடித்தாலும் ரப்பர் துண்டுகளை உடனே பொறுக்குங்கள். குழந்தை வாயில் போட்டால் மூச்சுக்குழலை அடைத்துவிடும்.

போட்டோவுக்கு ஒருவரை நியமித்துவிட்டு மற்றவர்கள் போனை உள்ளே வையுங்கள். மூன்று பிள்ளைக்கு ஒரு பெரியவர் தரையில் உட்கார்ந்திருக்க வேண்டும். பிள்ளை இடையில் எழுந்து போய்விட்டால் விடுங்கள். அவள் பிறந்தநாள், அவள் ஓணான் பார்க்கட்டும்.

மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுத்தாகிவிட்டதே என்று மாணவர் கேட்டார். திருப்பித் தருகிறார்களா என்று விசாரியுங்கள் என்றேன். தராவிட்டால் அந்தத் தேதியில் சொந்தக்காரர்களுக்கு மத்தியானப் பந்தியை மட்டும் வையுங்கள், அதற்கு அடுத்த ஞாயிறு காலை பத்தரைக்கு உங்கள் கொல்லையில் இலை. எங்கள் வீட்டுப் பலா மரத்தில் இலை நிறைய இருக்கிறது, சனிக்கிழமை சாயந்திரம் பாப்பாவைக் கூட்டிக்கொண்டு வாருங்கள். முறமும் நான்கு இருக்கின்றன. வேண்டுகிறவர்கள் எடுத்துப்போகலாம், அடுத்தவர் கேட்பதற்குள் திருப்பித் தந்துவிடுங்கள்.