மூக்கை நம்பியது போதும்

சேலம் கருங்கல்பட்டியில் 2021 நவம்பர் 23 காலை, ஒரு வீட்டில் கசிந்திருந்த சமையல் எரிவாயு வெடித்தது. ஒட்டி நின்ற வீடுகளும் சேர்ந்து இடிந்தன. ஐந்து பேர் இறந்தார்கள். அந்த சிலிண்டரோடு எந்தச் சம்பந்தமும் இல்லாத பக்கத்து வீட்டுக்காரர்களும் அவர்களில் உண்டு.

சுவரோடு சுவர் ஒட்டிய தெருக்களில் வாழ்கிறவர்கள் நாம். இங்கே ஒரு சமையலறையில் கசியும் வாயு அந்தக் குடும்பத்தின் சொந்த விஷயமாக இருக்க முடியாது. வாயு கசிந்தால் ஒலி எழுப்பும் எச்சரிக்கைக் கருவியோ இன்றுவரை விருப்பமும் வசதியும் உள்ளவர்கள் கடையில் வாங்கி மாட்டிக்கொள்ளும் பொருளாகவே இருக்கிறது. இது மாற வேண்டும். ரெகுலேட்டரும் டியூபும் இல்லாமல் இணைப்பு கொடுப்பதில்லை. அதுபோல எச்சரிக்கைக் கருவி இல்லாமலும் இணைப்பு கொடுக்கக் கூடாது. கருவியை எண்ணெய் நிறுவனம் தர வேண்டும்; ஏஜென்சியின் மெக்கானிக் வந்து பொருத்த வேண்டும்.

கேஸ் வாடை அடித்தால் தெரியாதா என்று கேட்பவர்கள், அந்த வாடை எப்படி வந்தது என்பதை அறிய வேண்டும். சமையல் எரிவாயுவுக்கு இயல்பில் சொல்லும்படியான மணம் கிடையாது. அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் நியூ லண்டன் என்ற ஊரின் பள்ளிக்கூடத்தில், 1937 மார்ச் 18 அன்று, கட்டடத்தின் அடியில் மணமே இல்லாமல் தேங்கியிருந்த இயற்கை எரிவாயு ஒரு மின்கருவியின் பொறியில் வெடித்தது. ஏறத்தாழ 300 பேர் மாண்டார்கள். பெரும்பாலோர் பிள்ளைகள். அதே ஆண்டில், எரிவாயுவில் நாற்றமுள்ள பொருளைக் கலந்தே ஆக வேண்டும் என்று அந்த மாநிலம் சட்டம் செய்தது. இன்று நம் சிலிண்டரில் கலந்திருக்கும் மெர்காப்டனும் அதே வேலையைத்தான் செய்கிறது. வேண்டியவர்கள் தனியாகக் காசு கொடுத்து நாற்றத்தை வாங்கிக்கொள்ளட்டும் என்று டெக்சஸ் சொல்லவில்லை. முதல் எச்சரிக்கை எல்லோருக்கும் சட்டத்தால் கிடைத்தது. இரண்டாவதை மட்டும் ஏன் கடைக்காரரிடம் விட்டுவைக்க வேண்டும்?

இரண்டாவது தேவைப்படுவதற்குக் காரணம், மூக்கு உறங்கிவிடுகிறது. இரவில் கசியும் வாயுவின் வாடை ஆழ்ந்த தூக்கத்தில் இருப்பவரை எழுப்பும் என்று நம்ப முடியாது. வயது ஏற ஏற மோப்பம் குறைகிறது. சளி பிடித்தால் போய்விடுகிறது. கொரோனா வந்துபோன பலர் மாதக்கணக்கில் எந்த மணமும் தெரியாமல் இருந்தார்கள். விழித்திருப்பவரும் ஒரே வாடையில் சற்று நேரம் இருந்தால் அது பழகி மறைந்துபோகிறது. பிள்ளைகள் வெளியூரில் இருக்க, எழுபதைக் கடந்த கணவனும் மனைவியும் தனியாகச் சமைத்துச் சாப்பிடும் வீடுகள் இன்று எந்த ஊரில் இல்லை? அந்த அம்மாவின் மூக்கை நம்பித்தான் அந்தத் தெருவே தூங்குகிறது.

வாயுவின் போக்கும் மூக்குக்குச் சாதகமாக இல்லை. சிலிண்டர் வாயு காற்றைவிடக் கனமானது. கொட்டிய தண்ணீர்போலத் தரையோடு பரவி, மேடையின் அடியிலும் மூலைகளிலும் தேங்கும். காற்றில் சுமார் இரண்டு சதவீதம் கலந்தாலே போதும், ஃபிரிட்ஜின் உள்ளே எழும் பொறியோ விளக்கு சுவிட்சோ அதைக் கொளுத்திவிடும். வீட்டு சிலிண்டரில் இருப்பது 14.2 கிலோ.

கருவி ஒன்றும் விண்வெளித் தொழில்நுட்பம் இல்லை. ஜப்பானின் நவோயோஷி தகுச்சி 1962-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த உணரியின் வழிவந்தவைதான் வீட்டுக் கருவிகளில் பெரும்பாலானவை. அதன் உயிர்நாடி வெள்ளீய ஆக்சைடு. நம் வீட்டில் ரசம் வைக்கும் ஈயச்சொம்பும் அதே வெள்ளீயம்தான். சூடேற்றிய அந்தப் பரப்பில் காற்றிலுள்ள ஆக்சிஜன் ஒட்டிக்கொண்டு மின்னோட்டத்தைத் தடுக்கும். எரிவாயு வந்து ஆக்சிஜனை அகற்றியதும் மின்சாரம் தாராளமாகப் பாயும், அலாரம் ஒலிக்கும். தரமான கருவி, வெடிக்கும் அளவில் ஐந்தில் ஒரு பங்கை வாயு எட்டும் முன்பே கூவிவிடும்.

எதிர்ப்பவர்கள் சொல்வதில் உண்மை இல்லாமல் இல்லை. சாம்பிராணிப் புகைக்கும், கொசு மருந்துக்கும், சானிடைசருக்கும்கூட மலிவான கருவிகள் அலறும். நாலு தடவை வீணாக அலறினால் ஐந்தாவது தடவை வீட்டார் பிளக்கைப் பிடுங்கிவிடுவார்கள். கரண்ட் போனால் பேட்டரி இல்லாத கருவி ஊமை. உணரிக்கும் ஆயுள் உண்டு. சில ஆண்டுகளில் மாற்ற வேண்டும். போதாததற்கு, பொருத்தும் இடத்திலேயே பெரும் பிழை நடக்கிறது. சிலிண்டர் வீட்டில் கருவி தரையிலிருந்து ஒரு அடி உயரத்துக்குள் இருக்க வேண்டும். குழாயில் வரும் இயற்கை எரிவாயு காற்றைவிட லேசானது என்பதால், அந்த வீட்டில் கூரையை ஒட்டி இருக்க வேண்டும். ஆன்லைனில் வாங்கி, பார்வைக்கு அழகாகக் கண்மட்டத்தில் மாட்டியவருக்குக் கிடைப்பது பொய்யான நிம்மதி. இந்தக் குறைகள் எல்லாமே கருவியைச் சந்தையிடம் மட்டும் விடக் கூடாது என்பதற்கான காரணங்கள். தரக் குறியீடு, பேட்டரி, சரியான உயரம், காலாவதி தேதி ஆகியவற்றை ஒரு பொறுப்பான கை கவனித்தால்தான் நடக்கும். அந்தக் கை ஏற்கெனவே இருக்கிறது. ஐந்தாண்டுக்கு ஒருமுறை டியூபை மாற்றவும் இணைப்பைச் சோதிக்கவும் ஏஜென்சியின் ஆள் வீட்டுக்கு வரவேண்டும் என்பது விதி. கருவியையும் அதே வருகையில் பார்க்கட்டும்.

செலவு யாருடையது? உஜ்வலா திட்டம் 2016-இல் தொடங்கியதிலிருந்து சிலிண்டர், ரெகுலேட்டர், டியூப் ஆகியவற்றின் வைப்புத்தொகையை அரசே ஏற்று, பத்துக் கோடிக்கும் மேற்பட்ட இணைப்புகளைப் பெண்களின் பெயரில் கொடுத்திருக்கிறது. அந்தப் பட்டியலில் இன்னொரு பொருள் சேர்வது இயலாத காரியமா? எரிவாயு விபத்தில் ஒருவர் இறந்தால் 6 லட்சம் ரூபாய் கிடைக்கும்படி எண்ணெய் நிறுவனங்கள் வாடிக்கையாளர்களுக்காகக் காப்பீடு செய்துவைத்திருக்கின்றன. நல்ல ஏற்பாடு. ஆனால் அந்தப் பணம் சாவுக்குப் பிறகு வருகிறது. அதற்கான பிரீமியத்தைக் கட்ட மனமுள்ளவர்கள், சாவைத் தடுக்கும் கருவிக்கும் கட்ட வேண்டும்.

இன்னொன்றையும் கேட்கிறோம். ஜப்பானில் இந்தக் கருவிகள் பேசுகின்றன. வாயு கசிகிறது என்று வாய்விட்டுச் சொல்கின்றன. இன்வெர்ட்டரும் வாஷிங் மெஷினும் கைப்பேசியும் ஓயாமல் பீப் அடிக்கும் வீட்டில் இன்னொரு பீப்பை யார் பொருட்படுத்துவார்கள்? நம் கருவி தமிழில் பேசட்டும். கேஸ் கசிகிறது, எந்த சுவிட்சையும் தொடாதீர்கள், ரெகுலேட்டரை மூடுங்கள், கதவு ஜன்னலைத் திறந்துவிட்டு வெளியே போய் 1906-ஐக் கூப்பிடுங்கள் என்று அதுவே சொல்லட்டும். பதற்றத்தில் விளக்கைப் போட்டுப் பார்ப்பதுதான் மனித இயல்பு. அந்த நொடியில்தான் உயிர் போகிறது.

இணைப்புகளுக்கான உத்தரவு டெல்லியிலிருந்து வர வேண்டும். அதற்காகத் தமிழக அரசு கைகட்டிக் காத்திருக்க வேண்டியதில்லை. சத்துணவுக் கூடங்கள், அங்கன்வாடிகள், அம்மா உணவகங்கள், 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டத்தின் சமையலறைகள் எல்லாம் அரசின் பொறுப்பில் உள்ளவை. அவற்றில் பல பள்ளி வளாகத்துக்குள்ளேயே, வகுப்பறைக்குச் சில அடி தூரத்தில் இருக்கின்றன. அங்கே கருவி பொருத்த மாநில அரசின் ஓர் ஆணை போதும். வரும் கல்வியாண்டின் முதல் நாள் உப்புமா கிண்டும்போது, ஒவ்வொரு கூடத்திலும் சிலிண்டருக்குப் பக்கத்தில், தரையை ஒட்டி, கருவியின் சின்னப் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருக்க வேண்டும்.