பள்ளத்தில் என்ன பெருமை?

புதன் கிரகத்தில் தியாகராஜ சுவாமிகளின் பெயரால் ஒரு பள்ளம் இருக்கிறது. விண்ணிலிருந்து விழுந்த கல் தோண்டிய பள்ளம். குறுக்கே சுமார் 100 கிலோமீட்டர். 1974-75ல் மாரினர்-10 விண்கலம் அனுப்பிய படங்களில் கண்ட பள்ளங்களுக்குக் கலைஞர்கள், கவிஞர்களின் பெயரைச் சூட்டினார்கள். வால்மீகியும் காளிதாசனும்கூட அங்கே உண்டு.

இதைக் கேட்டதும் நம்மவர்களில் ஒரு சாரார் மார்தட்டிக்கொள்கிறார்கள். இன்னொரு சாராருக்கோ கோபம் வருகிறது. பீத்தோவன் பள்ளம் 600 கிலோமீட்டருக்கு மேல் இருக்கிறதாம். நம் சுவாமிகளுக்கு 100 தானா என்று கேட்கிறார்கள். ஒருவர் பிறந்தது 1767ல், மற்றவர் 1770ல். சமகாலத்தவர் என்பதால் கோபம் இன்னும் கொஞ்சம் அதிகம்.

எனக்கு இரண்டு சாராரோடும் வழக்கு உண்டு.

பெரிய கல் விழுந்தால் பெரிய பள்ளம். சிறிய கல் விழுந்தால் சிறிய பள்ளம். இதற்கும் ஸ்வர ஞானத்துக்கும் என்ன சம்பந்தம்? அங்கே பெயர் என்பது ஒரு விலாசம்; பட்டம் அல்ல. அளவுதான் மதிப்பென்றால், ஆராய்ச்சியாளர்கள் தியாகராஜர் பள்ளத்தை அவ்வளவு உற்றுப் பார்த்திருப்பானேன்? 2011 முதல் 2015 வரை புதனைச் சுற்றிய மெசெஞ்சர் விண்கலம், அதன் தரையில் பளிச்சென்ற சின்னச் சின்னக் குழிவுகளைக் காட்டியது. எளிதில் ஆவியாகும் ஏதோ ஒரு பொருள் பாறையை விட்டு வெளியேறியதால் மேல்தளம் உள்வாங்கியிருக்க வேண்டும் என்று கருதுகிறார்கள். பகலில் 430 டிகிரி கொதிக்கும் கிரகத்தில் அப்படி ஒரு பொருள் மிச்சமிருந்தது ஆச்சரியமல்லவா? அதைப் பற்றி நம்மவர்கள் பேசக் காணோம்.

மார்தட்டுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. புதனில் காற்று இல்லை என்றே சொல்லலாம். அங்கே தம்புராவை மீட்டினாலும் காதில் ஒலி விழாது. நாதத்தையே தெய்வமாகக் கொண்டவருக்கு நாதமில்லாத இடத்தில் விலாசம்! கௌரவந்தான், மறுக்கவில்லை. ஆனால் நாம் செய்யவேண்டிய காரியத்தை அந்தப் பள்ளம் செய்துவிடாது.

அவர் சமாதி இருக்கும் திருவையாற்றில் காற்று இருக்கிறது, காவிரி இருக்கிறது. வருஷத்துக்கு ஒருமுறை பஞ்சரத்ன கீர்த்தனைகளுக்குத் தலையாட்டிவிட்டு வருகிறவர்களில் எத்தனை பேருக்கு அவற்றின் பொருள் தெரியும்? தெலுங்கு தெரியாது என்பது வெறும் சாக்கு. சொல்லித்தர மனிதர்கள் இருக்கிறார்கள். உரையோடு புத்தகங்களும் இருக்கின்றன. எனக்கும் தெலுங்கு வராது. ஒரே ஒரு பல்லவியின் பொருளைச் சரியாக விளங்கிக்கொள்ள ஒரு வாரம் பிடித்தது. அதற்குப் பிறகு அந்தப் பாட்டை நான் பழையபடி கேட்டதில்லை.