எங்களுக்குக் ‘காம்ப்’ எண்டால் வேற

போன மாசம் ஒரு இரவு, கம்பஸ் விடுதியில கரண்ட் திரும்பி வந்த சந்தோசத்தில எல்லாரும் ஒரு போனைச் சுத்தி இருந்து வீடியோ பாத்துக்கொண்டிருந்தம். கலிபோர்னியாவில் இருக்கிற யோசுவா மரத் தேசியப் பூங்கா. ஒரு வெள்ளை வான், பக்கத்தில மஞ்சள் நிற ரென்ற், பின்னால வீடு உயரத்துக்கு உருண்டைப் பாறையள். வானுக்குச் சொந்தக்காரர் கோப்பிக் கோப்பையோட நிண்டு, இங்க ஒருத்தரும் இல்ல, ஒண்டும் இல்ல, இதுதான் உண்மையான சுதந்திரம் எண்டு விளங்கப்படுத்திக்கொண்டிருந்தார்.

எங்களில ஒருத்தி மெல்லமாச் சொன்னாள்: “நாங்களும் ரென்ற்றில இருந்தனாங்கள்தான். எங்களையும் வந்து வீடியோ எடுத்தவை. அதை ஒருத்தரும் சுதந்திரம் எண்டு சொல்லேல்லை.”

சிரிச்சம். பிறகு சிரிப்பு நிண்டுபோச்சு.

‘காம்ப்’ எண்ட சொல்லுக்கு ரெண்டு அர்த்தம் கேட்டுத்தான் நாங்கள் வளந்தனாங்கள். ஒண்டு ஆமிக் காம்ப். மற்றது, 2009இல் கிட்டத்தட்ட மூண்டு லட்சம் சனத்தை அடைச்சு வைச்ச மெனிக் பாம் மாதிரியான முகாம்கள். எங்களில சிலருக்கு அப்ப ஆறு, ஏழு வயசு. தறப்பாளுக்குக் கீழ மத்தியானம் எப்பிடி வேகும் எண்டது இப்பவும் உடம்புக்குத் தெரியும். தண்ணி பவுசருக்குப் பின்னால நிண்ட வரிசையும் தெரியும். அதே சொல்தான் இப்ப ‘காம்பிங்’ எண்டு வால் முளைச்சு, பின்னணி இசையோட எங்கட போனுக்கு வருது.

முதலிலேயே சொல்லிவிடுறம்: பாலைவனத்தில ரென்ற் அடிக்கிறதை நாங்கள் பிழை எண்டு சொல்லவரேல்லை. அந்த நிலத்தை ‘வெறும் நிலம்’ எண்டும், அந்தக் கூடாரத்தை ‘விடுதலை’ எண்டும் விக்கிற கதையைத்தான் பொய் எண்டு சொல்லுறம். தெரிஞ்சோ தெரியாமலோ அந்தப் பொய்யை ஷெயார் பண்ணுற ஆக்களில நாங்களும் அடக்கம்.

வெறும் நிலம் எண்டதிலிருந்து தொடங்குவம். அந்தப் பூங்காவின் வடக்கு எல்லையில மாரா எண்டொரு பசுஞ்சோலை இருக்கு. பாலைவனத்தில தண்ணி மேல வாற ஒரு இடம். எங்கட பனை மாதிரியே விசிறி ஓலை உள்ள ஒரு மரம் அங்க நிக்குது. செரானோ மக்கள் அங்க வந்த முதல் வருசத்தில 29 ஆண் பிள்ளையள் பிறந்தது எண்டும், ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒவ்வொரு மரம் நட்டவை எண்டும் ஒரு கதை இருக்கு. பக்கத்து நகரத்தின்ர பேரே ‘ட்வென்ரி நைன் பாம்ஸ்’. செரானோ மக்களுக்குப் பிறகு செமஹுவேவி மக்களும் அந்த ஊற்றடியில இருந்தவை. கஹுயியா மக்கள் யோசுவா மரத்தின்ர இலை நாரில கூடையும் செருப்பும் பின்னினவை, அதின்ர பூ மொட்டையும் விதையையும் உணவாக்கினவை. பிறகு தங்கம் தேடி வந்தவை, மாடு மேய்க்க வந்தவை. தண்ணி இருந்த இடமெல்லாம் கை மாறிச்சுது. 1909இல் செமஹுவேவி இளைஞன் ஒருத்தனைப் பிடிக்க ஆயுதக் குழுக்கள் பாலைவனம் முழுக்கத் தேடுதல் வேட்டை நடத்தினவை. அதுக்குப் பிறகு, 1913 அளவில, மாரா ஊற்றடி அந்த மக்கள் இல்லாத இடமாப் போச்சு.

23 வருசம் கழிச்சு, 1936இல், ஜனாதிபதி ரூஸ்வெல்ட் அந்த நிலத்தைத் தேசிய நினைவிடமா அறிவிச்சார். 1994இல் அது தேசியப் பூங்காவாச்சு. அந்த ஒழுங்கைக் கவனியுங்கோ. முதல் ஆக்கள் போகினம். பிறகு நிலம் ‘இயற்கை’ ஆகுது. பிறகு, ஒருத்தரும் இல்லாத இடத்துக்கு வாங்கோ எண்டு கூப்பிடினம்.

மரத்தின்ர பேரையும் பாருங்கோ. கைகளை மேல தூக்கிக்கொண்டு நிக்கிற அந்த மரத்துக்கு, அந்த வழியால போன மோர்மன் குடியேறிகள்தான் விவிலியத்து யோசுவாவின்ர பேரை வைச்சவை எண்டு சொல்லினம். யோசுவா ஆர்? வாக்களிக்கப்பட்ட நாட்டுக்குள்ள தன்ர சனத்தைக் கூட்டிக்கொண்டு போனவர். அந்த நாட்டில ஏற்கனவே சனம் இருந்தது. ஞாயிறுப் பள்ளிக்குப் போன எங்கட ஆக்களுக்கு மிச்சக் கதை தெரியும்.

அடுத்தது சுதந்திரம். அந்தப் பூங்காவில ஏறத்தாழ 500 தங்கும் இடங்கள் இருக்கு. ஜம்போ ரொக்ஸ், ஹிடன் வலி, வைற் ராங்க் எண்டு பேருகள். அநேகமானதில குடிதண்ணி இல்ல, கொண்டுதான் போகவேணும். ஆர்.வி. எண்டு சொல்லுற வீட்டு வண்டிக்குக் கரண்டோ தண்ணியோ குடுக்கிற இணைப்பு ஒரு இடத்திலயும் இல்ல. ஹிடன் வலியிலயும் வைற் ராங்கிலயும் 25 அடிக்கு மேல நீளமான வண்டி விடேலாது. ஜெனரேட்டர் போடக்கூட நேர அட்டவணை இருக்கு: காலமை ரெண்டு மணித்தியாலம், மத்தியானம் ரெண்டு, பின்னேரம் ரெண்டு. இதெல்லாம் நல்ல சட்டங்கள்தான். பாறைக்கு நடுவில இருக்கிற அமைதியே அந்த அட்டவணையாலதான் வருது. வீடியோ அதைக் காட்டுறேல்லை. கக்கூஸ் கழுவுற ஆளையும் காட்டுறேல்லை.

அந்த ஆள் இல்லாட்டி என்ன நடக்கும் எண்டதுக்கு உதாரணம் இருக்கு. 2018 டிசம்பரில அமெரிக்க மத்திய அரசு 35 நாள் முடங்கிப்போச்சு. பூங்கா ஊழியர்களில அநேகம் பேர் வேலையில இல்ல, வாசல் மட்டும் திறந்து கிடந்தது. கேக்க ஆள் இல்லாத முழுச் சுதந்திரம். என்ன நடந்தது? குப்பை நிரம்பிச்சு, கக்கூஸ் நிரம்பிச்சு. றோட்டை விட்டு வண்டியளைப் பாலைக்குள்ள ஓட்டினவை. யோசுவா மரங்களை வெட்டினவை. வருசத்துக்குச் சில சென்ரிமீற்றர் மட்டும் வளர்ற மரம் அது. அந்த மண்ணுக்கு மேல உயிருள்ள ஒரு பொருக்கு இருக்கு, நுண்ணுயிர்களும் பாசியும் சேந்து மண்ணைப் பிடிச்சு வைச்சிருக்கிறது. ஒரு ரயர் ஏறினால் அது திரும்ப வளர எத்தினையோ வருசம் செல்லும். அந்த நாளுகளில பக்கத்து ஊர்ச் சனம் சம்பளம் இல்லாமல் வந்து குப்பை அள்ளிச்சு, கக்கூஸ் கழுவிச்சு. பாலைவனத்தைக் காப்பாத்தினது தனிமை தேடி வந்தவை இல்ல, அயலவை.

மூண்டாவதுதான் எங்களுக்குக் கூடக் கோவம் வந்த விசயம். ஒரே ரென்ற், ரெண்டு சட்டம். பூங்காவில காசு கட்டிக் கூடாரம் அடிச்சால் நீங்கள் விருந்தாளி. அதே கூடாரத்தை, வீடு இல்லாத ஒருத்தர் நகரத்துப் புல்வெளியில அடிச்சால் குற்றவாளி. ஒறிகன் மாநிலத்தில கிரான்ற்ஸ் பாஸ் எண்டொரு சின்ன நகரம். அங்க பொது இடத்தில போர்வையோட படுத்தாலே அது ‘காம்பிங்’ எண்டு சட்டம் இருந்தது. அப்ப தண்டப்பணம் 295 டொலராய் இருந்தது. போக வீடில்லாதவையைத் தூங்கினதுக்காகத் தண்டிக்கிறது கொடுமையான தண்டனை எண்டு வழக்குப் போட்டவை. 2024 யூன் 28 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 6க்கு 3 எண்டு அந்த நகரத்தின் பக்கம் தீர்ப்புச் சொல்லிச்சு. அடுத்த மாசமே கலிபோர்னியா ஆளுநர், மாநில நிலங்களில இருக்கிற வீடற்றவர் கூடாரங்களை அகற்றச் சொல்லிக் கட்டளை போட்டார். யோசுவா மரம் நிக்கிற அதே கலிபோர்னியா.

‘நோமட்லாண்ட்’ படத்தைக் கொண்டாடின ஆக்களில நாங்களும் இருக்கிறம். குளோயி சாவோ எடுத்தது, 2021இல் சிறந்த படத்துக்கான ஒஸ்கார் வாங்கினது. நெவாடாவின் வறண்ட மேட்டு நிலத்தில, 2011இல் ஆலை மூடி ஊரே காலியான எம்பயர் எண்ட இடத்திலதான் அந்தக் கதை தொடங்குது. ஆனா படம் போகப் போக, வேலையும் வீடும் போன ஒரு மனுசியின் வானை, அவ விரும்பி எடுத்த பாதை மாதிரி மாலை வெளிச்சத்தில நனைச்சு எங்களுக்குத் தருது. அழகில மயங்கி, ஆலையை மூடினது ஆர் எண்டு கேக்க மறந்தம். பூங்காவுக்கு வெளியில இருக்கிற அரச பாலைநிலத்திலயும் பொதுவா ஒரு இடத்தில 14 நாள்தான் நிக்கலாம், பிறகு வண்டியைக் கிளப்பவேணும். விடுமுறைக்கு வந்தவருக்கு 14 நாள் தாராளம். போக்கிடம் இல்லாதவருக்கு அது வெளியேற்ற அறிவித்தல்.

“அமெரிக்கப் பாலைவனத்தைப் பற்றி நீங்கள் ஏன் கத்துறியள்?” எண்டு கேப்பினம். நியாயமான கேள்வி. எங்களுக்கு அந்தச் சொற்களின்ர மணம் தெரியும், அதால கத்துறம். ‘ஆளில்லா நிலம்’ எண்டு ஆரும் சொன்னால், ஆக்கள் எங்க போனவை எண்டு கேக்கிறது எங்கட பழக்கம். அதே ட்வென்ரி நைன் பாம்ஸ் நகரத்துக்குப் பக்கத்தில அமெரிக்க மரைன் படையின் மிகப் பெரிய பயிற்சித் தளம் இருக்கு, குண்டுச் சத்தம் அயலுக்கும் கேக்கும். ‘ஒண்டுமே இல்லாத’ இடத்தில இவ்வளவும் இருக்கு.

“இப்பிடி யோசிச்சால் ஒண்டையும் ரசிக்கேலாது” எண்டும் சொல்லுவினம். இல்லை. அந்தப் பாறையள் நிலத்துக்கு அடியில உறைஞ்சு, பல கோடி வருசம் கழிச்சு மேல வந்தவை. அந்த மரத்துக்கு மகரந்தம் கொண்டு போறது யூக்கா அந்து எண்ட ஒரு சின்னப் பூச்சி, மரம் இல்லாமல் பூச்சி இல்லை, பூச்சி இல்லாமல் மரம் இல்லை. பயந்தால் சேத்து வைச்ச தண்ணியை ஒரேயடியாய் விட்டுவிடுற ஆமை அங்க இருக்கு, அதால கிட்டப் போகாதேங்கோ எண்டு சொல்லினம். இதையெல்லாம் தெரிஞ்ச பிறகு எங்களுக்கு ஆசை கூடித்தான் இருக்கு.

ரென்ற்றில இருந்தனாங்கள்தான் எண்டு சொன்னவள், அண்டைக்கு இரவு கடைசியாய் இன்னொண்டும் சொன்னாள்: “எனக்கும் அந்த வானத்தைப் பாக்க விருப்பம்.” போவம். காசு சேத்து ஒரு நாளைக்குப் போவம். போனால் முதல்ல மாரா ஊற்றடிக்குப் போவம், பிறகு பாறைக்கு. வீடியோ எடுத்தால் கக்கூஸ் கழுவுற ஆளின்ர பேரையும் கேட்டு, நன்றி சொல்லிப்போட்டு எடுப்பம்.