உங்க போன் விலையில ஒளிஞ்சிருக்கிற ராயல்டி

போன் வாங்கும்போது இ.எம்.ஐ. வட்டி, பிராசஸிங் ஃபீஸ், ஜி.எஸ்.டி. எல்லாம் கணக்கு பார்க்கிறோம். ஆனா பில்லில் வராத ஒரு செலவு உள்ளே இருக்கு: பேடன்ட் ராயல்டி.

எந்த போனும் நெட்வொர்க்கில் வேலை செய்ய 2ஜி, 3ஜி மாதிரி ஸ்டாண்டர்டுகளைப் பின்பற்றியே ஆகணும். அவற்றுக்குக் காப்புரிமை வைத்திருக்கும் நிறுவனங்கள், நியாயமான, பாரபட்சமில்லாத கட்டணத்துக்கு லைசென்ஸ் தருவதாக ஒப்புக்கொண்டவை. எது நியாயம்? சண்டையே அங்கேதான்.

2024 மார்ச்சில், லாவா நிறுவனம் எரிக்சனுக்கு 244 கோடி ரூபாய் தரணும்னு டெல்லி உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கணக்கு: நிகர விற்பனை விலையில் 1.05%. சிப் விலையில் இல்லைங்க, முழு போன் விலையில்!

அதாவது நிறுவனம் 10,000 ரூபாய்க்கு வித்தா 105 ரூபாய், 20,000க்கு 210. நல்ல கேமரா, கூடுதல் ஸ்டோரேஜ்னு விலை ஏறினா ராயல்டியும் ஏறும். அந்தக் கேமராவை எரிக்சனா செஞ்சது?

ஆராய்ச்சிக்குப் பணம் போட்டவங்களுக்கு உரியது போய்ச் சேரணும். லைசென்ஸ் இல்லாம விக்கிறதை நான் ஆதரிக்கலை. நெட்வொர்க் இல்லாட்டி போனே வேஸ்ட்னு சொல்வாங்க. சரி, டயர் இல்லாம காரும் ஓடாது. அதுக்காக டயர் கம்பெனி கார் விலையில பங்கு கேட்குதா?

ஆடிட் ஃபீஸை கிளையன்ட் லாபத்துல இத்தனை சதவீதம்னு நான் கேட்க முடியாது. எங்க இன்ஸ்டிட்யூட் விதி தடுக்குது. இங்கேயும் ஒரு போனுக்கு இவ்வளவுன்னு ஃபிக்ஸட் ரேட் வேணும், எல்லோருக்கும் தெரியிற மாதிரி. ஏன்னா கடைசியில அதுவும் நம்ம இ.எம்.ஐ.யிலதான் வந்து சேரும்.